பெயரில்லாத டப்பாவும் எமது பிள்ளைகளின் முகங்களும்

சென்ற வருடம் இரண்டாம் தவணை தொடங்கிய வாரம். தரம் 10 வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி கடைசி வாங்குக்குப் போயிருந்தாள். பர்தாவை மூக்கு வரை இழுத்துப் பிடித்திருந்தாள். "என்ன மகள், தடிமனா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. இடைவேளையில் தனியாக அழைத்துக் கேட்டபோதுதான் பர்தாவை விலக்கிக் காட்டினாள். இரு கன்னங்களும் வெந்தது போலச் சிவந்திருந்தன. தோலுக்கு அடியில் நூல் நூலாக இரத்த நாளங்கள் தெரிந்தன. நாடியைச் சுற்றிச் சீழ் வைத்த பருக்கள்.

"மூணு நாளா கிறீம் பூசல்ல டீச்சர். முடிஞ்சிட்டு. பூசாட்டி இப்பிடித்தான் எரியும். திரும்பப் பூசினாச் சரியாகிடும்" என்றாள்.

புத்தகப் பையிலிருந்து வெற்று டப்பாவை எடுத்துத் தந்தாள். வெள்ளை நிறப் பிளாஸ்டிக் டப்பா. தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளடக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை. 'நைட் கிறீம்' என்ற ஒரு சிறிய ஸ்டிக்கர் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது.

அந்த டப்பாவை எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் எமது ஆசிரியர் ஓய்வறையில் நானும் அதில் ஒன்று வாங்கியிருந்தேன். விலை 1,800 ரூபாய், இரண்டு தவணையில் கொடுக்கலாம். எனக்காக வாங்கவில்லை. எனது ராத்தாவின் மகளுக்கு முகத்தில் எண்ணெய் வடிகிறது, பரு போடுகிறது என்று ராத்தா புலம்பியதால் வாங்கிக் கொடுத்தேன். ஆசிரியர் கலாசாலையில் படித்து, இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நான், அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

சந்தையில் நடப்பது என்ன?

தோலை வெண்மையாக்கும் கிறீம்கள் பற்றிய செய்திகள் அண்மைக் காலமாக அடிக்கடி வருகின்றன. நுகர்வோர் விவகார அதிகாரசபை அவ்வப்போது சுற்றிவளைப்புகளை நடத்துகிறது. விபரச் சீட்டு இல்லாத பொருட்கள் கைப்பற்றப்படுகின்றன. இரண்டு நாள் பேசுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

சர்வதேச மட்டத்தில் இது சிறிய விடயமாகக் கருதப்படவில்லை. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எமது நாடும் அதன் உறுப்பு நாடு. ஆரம்பத்தில் அந்த உடன்படிக்கை, அழகுசாதனப் பொருளில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருந்தால்தான் தடை என்றது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் அந்த எல்லையையும் நீக்கின. 2025 ஆம் ஆண்டுடன், பாதரசம் சேர்க்கப்பட்ட அழகுசாதனப் பொருட்கள் அனைத்தையும் சந்தையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதே அன்று எடுக்கப்பட்ட முடிவு. தாளில் அந்தக் கெடு வந்துவிட்டது. எமது ஊர்களில் வட்ஸ்அப் குழுமங்களுக்கு அது இன்னும் வரவில்லை.

உள்நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே 'அழகுசாதனப் பொருட்கள்' என்ற சொல் முன்னால் நின்றது. அதன் இடத்துக்கு வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் மருந்துகள், மருத்துவ சாதனங்கள், இவற்றுக்கு இடைப்பட்ட பொருட்கள் ஆகியவற்றையே மையமாகக் கொண்டது. நுகர்வோர் விவகார அதிகாரசபையோ 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விபரச் சீட்டு, விலை, காலாவதித் திகதி போன்றவற்றைப் பார்க்கிறது. கடையில் இருக்கும் பொருளை ஓர் அதிகாரி போய்ப் பார்க்கலாம். ஒரு வீட்டின் குசினியில் கலந்து, டப்பாவில் அடைத்து, கூரியரில் அனுப்பப்படும் பொருளை யார் போய்ப் பார்ப்பது? இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய்ப் பசை என்பது அழுக்கு அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். முகத்தில் எண்ணெய் வடிவது சுத்தமின்மையின் அடையாளம் அல்ல. எமது தோலில் உள்ள நெய்ச் சுரப்பிகள் சீபம் என்ற எண்ணெயைச் சுரக்கின்றன. தோல் வறண்டு வெடிக்காமல் காப்பது அதுதான். நெற்றி, மூக்கு, நாடி ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ளன. பருவ வயதில் அன்ட்ரொஜன் ஹோர்மோன்கள் கூடும்போது ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்குமே சுரப்பிகள் பெருத்து எண்ணெய் அதிகமாகிறது. எமது கரையோர ஊர்களின் வெக்கையும் வியர்வையும் அதோடு சேரும்போது முகம் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

பரு உண்டாவதற்கு நான்கு விடயங்கள் ஒன்றுசேர வேண்டும். எண்ணெய் அதிகமாகச் சுரப்பது, மயிர்த்துளையின் வாய் இறந்த கலங்களால் அடைபடுவது, தோலில் இயல்பாகவே வாழும் ஒரு வகைப் பக்டீரியா உள்ளே பெருகுவது, அதனால் அழற்சி ஏற்படுவது. 12 முதல் 24 வயது வரையானவர்களில் சுமார் 85 வீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது என்று தோல் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதாவது நான் கற்பிக்கும் வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள் இருந்தால் அவர்களில் பெரும்பாலானோருக்கு இது உண்டு.

நாம் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம்? "ஒழுங்கா முகம் கழுவு" என்கிறோம். பிள்ளை சவர்க்காரத்தால் நாளுக்கு ஆறு தடவை தேய்க்கிறது. தோலின் வெளிப் பாதுகாப்பு கெட்டு எரிச்சல் கூடுகிறது. அடுத்தது தேசிக்காய். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கரும்படலம் விழும். பற்பசை பூசினால் எரிந்து தழும்பாகும். நெற்றிப் பருவுக்கு மருந்து தேடுகிற பிள்ளையின் தலையில் நாமே தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்துவிடுகிறோம். அது நெற்றிக்கு வழிந்து மயிர்த்துளைகளை அடைக்கிறது. ஈரம் காயாத பர்தாவை இறுக்கிக் கட்டும்போது அதன் விளிம்பு உரசும் இடங்களிலும் பரு கூடலாம். பர்தா அதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. நாள்தோறும் கழுவிக் காய்ந்த, மெல்லிய பருத்தித் துணியாக இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

டப்பாவுக்குள் இருப்பது

பெயரில்லாத கிறீம் ஏழு நாளில் முகத்தை மாற்றுவது எப்படி? பொதுவாக இரண்டு பொருட்களில் ஒன்றோ இரண்டுமோ அதில் இருக்கும்.

முதலாவது பாதரசம். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உருவாவதை அது தடுக்கிறது. முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும், நரம்புகளைத் தாக்கும், கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் அடையும். பூசியவரின் தலையணையிலிருந்தும் துவாயிலிருந்தும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும், தாயின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் கைக்குழந்தைக்கும் அது போகலாம். சில டப்பாக்களில் 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருப்பார்கள். அதை ஒரு தரச் சான்றிதழ் போல நாம் வாசிக்கிறோம். உண்மையில் அது பாதரசம் இருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. கலோமல், மெர்கியூரிக் அயோடைட், அமோனியேற்றட் மெர்கியூரி என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அந்தப் பொருளை வீட்டுக்குள் எடுக்கவே கூடாது.

இரண்டாவது ஸ்டீரொயிட். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்றவை நல்ல மருந்துகள்தாம். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு வைத்தியர் அளவோடும் காலக்கெடுவோடும் கொடுப்பவை. அவற்றை மாதக்கணக்காக முகத்தில் பூசினால் நடப்பது வேறு. முதல் கிழமையில் பரு வற்றும், சிவப்பு மறையும், முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும். இரத்த நாளங்கள் வெளியே தெரியும். மெல்லிய முடி முளைக்கும். ஸ்டீரொயிட்டே புதிய பருக்களை உண்டாக்கும். நிறுத்தினால் நெருப்புப் போல் எரியும். எரிச்சலைத் தாங்க முடியாமல் பிள்ளை மீண்டும் அதே டப்பாவைத் தேடும். எனது மாணவி "திரும்பப் பூசினாச் சரியாகிடும்" என்று சொன்னது இதைத்தான். அது குணமல்ல, அடிமைத்தனம்.

வைத்தியச் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய இப்படியான கிறீம்களைச் சில பாமசிகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பருவுக்கும் அதே கிறீம், தேமலுக்கும் அதே கிறீம், படர்தாமரைக்கும் அதே கிறீம். படர்தாமரைக்கு ஸ்டீரொயிட் பூசினால் அரிப்பு அடங்கிப் பூஞ்சணம் உள்ளே பரவும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கை 1995 இல் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது. ஆனாலும் கிழக்கு உட்படப் பல மாவட்டங்களில் ஒவ்வொரு வருடமும் புதிய நோயாளர்கள் அடையாளம் காணப்படுகிறார்கள். வெளிறிய தழும்பு ஒன்று தேமலாகவும் இருக்கலாம், தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிவது பாமசிக் கவுண்டரில் நடக்கும் வேலையல்ல.

ஏன் வாங்குகிறோம்?

விற்பவர்களை மட்டும் குறை சொல்வது எளிது. எனக்கு விற்ற சகோதரியை நான் நன்கு அறிவேன். 2022 நெருக்கடியில் கணவரின் வியாபாரம் விழுந்தது. வீட்டுக் கடன், மூன்று பிள்ளைகள். அந்த வருடம் அந்நியச் செலாவணி இல்லாமல் அழகுசாதனப் பொருட்கள் உட்பட நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. பெயர் தெரிந்த கம்பனிகளின் பேஸ்வொஷ் ஒன்றின் விலையே எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த வெற்றிடத்தில்தான் பெயரில்லாத டப்பாக்கள் வீட்டுக்கு வீடு வந்தன. அந்தச் சகோதரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தனது சொந்த மகளுக்கும் அதையேதான் பூசக் கொடுத்திருந்தார்.

இதைவிடப் பெரிய காரணம் நாம்தான். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு "பிள்ளை நல்லம், முகம்தான் கொஞ்சம்..." என்று இழுக்கும் சொல் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறது? அந்தச் சொல்லைச் சொல்பவர்களும் பெண்களே. பெருநாளைக்குக் கூடும்போது பருப் போட்ட பிள்ளையைப் பார்த்து முதல் வார்த்தையாக "என்னடி முகமெல்லாம்?" என்று கேட்பவர்களும் நாமே. பதினைந்து வயதுப் பிள்ளை அந்தக் கேள்விக்குப் பயந்து எதையும் பூசும். பருவைக் குணமாக்குவதும் நிறத்தை வெளுப்பதும் இரு வேறு விடயங்கள். சந்தை இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறது. நாமும் பிரித்துப் பார்க்காமல் வாங்குகிறோம்.

தோல் வைத்தியரிடம் போனால் என்ன நடக்கும்?

அந்த மாணவியின் வாப்பா கட்டாரில். உம்மாவுக்குத் தனியாக நகரத்துக்குப் போய்ப் பழக்கமில்லை. ஆகவே நானும் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூடப் போனேன். முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கே தந்த கடிதத்தோடு அடுத்த கிழமை பெரியாஸ்பத்திரியின் தோல் கிளினிக். காலை ஏழு மணிக்குப் போய், பதினொன்றரைக்கு இலக்கம் வந்தது. நாலரை மணித்தியாலம் காத்திருந்தது உண்மை. வைத்தியருக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

வைத்தியர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்விகள் கேட்டார். என்ன பூசினீர்கள், எத்தனை மாதம், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி முளைக்கிறதா, வேறு ஏதும் குளிசை குடிக்கிறீர்களா, வீட்டில் வேறு யாரும் இந்தக் கிறீமைப் பூசுகிறார்களா. அந்தக் கேள்விகளுக்குக் காரணம் இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்கின்மையும் முக முடியும் பருவோடு சேர்ந்து வந்தால் அது சூலகத்தில் நீர்க்கட்டிகளோடு தொடர்புடைய ஹோர்மோன் பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு முகத்தில் எதைப் பூசினாலும் போதாது.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். முகத்திலுள்ள அடையாளங்களை வைத்து இதில் ஸ்டீரொயிட் இருக்கிறது என்று சொல்லலாம், பாதரசம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது என்றார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அறியச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். நல்ல வேளையாக அதில் பிரச்சினை இருக்கவில்லை.

"முதல் ரெண்டு மூணு கிழமைக்கு இன்னும் மோசமாகும். பயந்து பழைய கிறீமைத் தேடிப் போயிராதீங்க உம்மா" என்று தாயிடம் சொன்னார். அந்த எச்சரிக்கைதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய மருந்து. ஏனென்றால் மூன்றாவது கிழமை அந்தத் தாய் அழுதுகொண்டு எனக்குக் கோல் எடுத்தார். வைத்தியர் முன்கூட்டியே சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தாக்குப்பிடித்தார்.

சாதாரணப் பருவுக்கு வைத்தியர்கள் கையாளும் மருந்துகள் புதியவையுமல்ல, மர்மமானவையுமல்ல. பென்சோயில் பெரொக்சைட் பக்டீரியாவைக் குறைக்கிறது. அடபலீன் போன்ற ரெட்டினொயிட் ஜெல்கள் மயிர்த்துளை அடைபடாமல் தடுக்கின்றன. சலிசிலிக் அமிலம், அசெலாயிக் அமிலம் ஆகியவையும் உண்டு. அழற்சி கூடினால் டொக்சிசைக்கிளின் போன்ற அன்டிபயோட்டிக் குளிசையைச் சில மாதங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். இவற்றின் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகள் செல்லும். இரண்டு கிழமையில் "மருந்து பிடிக்கல்ல" என்று விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. பென்சோயில் பெரொக்சைட் நிறத் துணிகளை வெளுக்கச் செய்யும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெருநாள் சோலும் தலையணை உறையும் பாழாகும்.

ஆழமான கட்டிப் பருக்கள், தழும்பு விழும் பருக்கள் ஆகியவற்றுக்கு ஐசோட்ரெட்டினொயின் என்ற மருந்து உண்டு. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்யும் வலிமையான மருந்து. கர்ப்ப காலத்தில் அதை எடுத்தால் குழந்தைக்குப் பாரதூரமான பிறவிக் குறைபாடுகள் ஏற்படும். மருந்தை நிறுத்திய பிறகும் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. ஈரலையும் இரத்தக் கொழுப்பையும் பரிசோதிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் முகத்தைச் சரிப்படுத்த வேண்டுமென்று இதை யாரிடமோ கேட்டு வாங்கிக் குடிப்பது எத்தனை ஆபத்தானது என்று சொல்லத் தேவையில்லை. திருமணத் திகதி நெருங்கியிருந்தால் வெட்கப்படாமல் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எமது தயக்கங்கள்

பெண் வைத்தியர்தான் வேண்டும் என்பது பல தாய்மாரின் தயக்கம். நியாயமானது. கிளினிக்கில் எந்த நாள் பெண் வைத்தியர் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுப் போகலாம். கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை, போகாமல் விட்டுவிடுகிறோம்.

சில மருந்துகளின் உறை ஜெலட்டினால் ஆனது, அது எந்த மிருகத்தினுடையது என்ற கேள்வியும் உண்டு. இந்தக் கேள்வியை வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் நேரடியாகக் கேட்கலாம். மாற்று இருந்தால் தருவார்கள். இல்லாவிட்டால் மார்க்க அறிஞர் ஒருவரிடம் விபரமாகக் கேட்டுத் தெளிவு பெறலாம். யாருக்கும் சொல்லாமல் இடைநடுவில் மருந்தை நிறுத்துவதுதான் தீமை. வுழூச் செய்வதால் மருந்து கழுவுப்பட்டுப் போகும் என்பதும் ஒரு கவலை. பெரும்பாலான இரவு மருந்துகளை இஷாவுக்குப் பிறகு, முகம் நன்றாகக் காய்ந்ததும் பூசினால் காலை வரை இருக்கும்.

செலவு என்பது மூன்றாவது தயக்கம். தனியார் செனலிங் எல்லோருக்கும் கட்டுப்படியாகாதுதான். ஆனால் ஒரு டப்பாவுக்கு 1,800 ரூபாய் வீதம் ஆறு மாதத்துக்கு அந்தத் தாய் கொடுத்த காசைக் கூட்டிப் பாருங்கள். 10,800 ரூபாய். அரச கிளினிக்குக்கு இரண்டு பேரின் பஸ் காசு பல தடவைகளுக்கும் அதில் வரும்.

யாரிடம் போகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். 'ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்' என்று பலகை போட்ட அழகு நிலையங்கள் இன்று எல்லா ஊரிலும் உள்ளன. எம்.பி.பி.எஸ். முடித்து, பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் தோல் மருத்துவம் பயின்று, விசேட நிபுணராகத் தகுதி பெற்றவர் வேறு. மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் பெற்றவர் வேறு. வைத்தியர் என்று சொல்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்யப்பட்டவரா என்று பார்ப்பது எமது உரிமை.

எல்லாப் பருவுக்கும் விசேட நிபுணர் தேவை என்றும் நான் சொல்லவில்லை. காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவுதல், மயிர்த்துளையை அடைக்காத ஈரப்பதக் கிறீம், வெயிலுக்குப் போகும்போது சன்ஸ்கிறீன், பருவைக் கிள்ளாமல் இருத்தல், இனிப்பையும் இனிப்புப் பானங்களையும் குறைத்தல். பலருக்கு இவ்வளவே போதும். வலிக்கும் கட்டிகள், தழும்பு, மாதவிடாய்க் குழப்பம், மூன்று மாதமாகியும் குறையாத நிலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளை வெளியே வர மறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கிறது. தரம் 10 என்பது பரு உச்சத்தில் இருக்கும் வயது. பல்லையும் கண்ணையும் நிறையையும் பார்க்கும் அந்த நாளில், "முகத்துக்கு என்ன பூசுகிறாய்?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கும்படி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களிடம் எமது பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் கேட்கலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம்.

விபரச் சீட்டு இல்லாத கிறீம் விற்கப்படுவதைக் கண்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். ஊரில் வர்த்தக சங்கங்கள் பாமசி உரிமையாளர்களோடு பேசலாம். ஆனால் வீடுகளில் விற்கும் சகோதரிகளை முகநூலில் படம் போட்டு அவமானப்படுத்துவது தீர்வல்ல. அவர்களுக்கு வருமானம் வேண்டும். சகாத் நிதியும் சிறு கடன் உதவிகளும் தையலுக்கும் உணவு வியாபாரத்துக்கும் போவது போல இவர்களையும் வேறொரு தொழிலுக்கு மாற்றப் பயன்பட வேண்டும்.

கிளினிக் போய் வந்த அடுத்த நாள் ஆசிரியர் ஓய்வறையில் எல்லோர் முன்னாலும் பேச நினைத்தேன். முடியவில்லை. அந்தச் சகோதரியைத் தனியாகச் சந்தித்து, வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். கோபித்தார். "உங்களுக்குச் சம்பளம் போதும் டீச்சர்" என்றார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தனது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவளையும் அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக ஏலுமா?" என்று கேட்டார். மிச்சமிருந்த டப்பாக்களை அவர் விற்கவில்லை. அந்த நட்டத்தில் ஒரு பங்கை நானும் ஏற்றுக்கொண்டேன்.

மாணவி இப்போது தரம் 11. எரிச்சல் நின்றுவிட்டது. பருக்கள் பெருமளவு குறைந்துவிட்டன. இரத்த நாளங்கள் இன்னும் தெரிகின்றன. அவை முழுவதும் போகுமா என்று வைத்தியர் உறுதி சொல்லவில்லை. எனது ராத்தாவின் மகள் நல்ல வேளையாக ஒரு மாதத்துக்கு மேல் அதைப் பூசியிருக்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டபோது ராத்தா, "நீ படிச்சவள் என்டுதானே நம்பினேன்" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இதை வாசிக்கும் உம்மாமார்களிடமும் ராத்தாமார்களிடமும் கேட்பது ஒன்றுதான். இன்று இரவு பிள்ளையின் மேசையைத் திறந்து பாருங்கள். பெயரில்லாத டப்பா ஒன்று இருந்தால் ஏச வேண்டாம். எத்தனை நாளாகப் பூசுகிறாய் என்று மட்டும் கேளுங்கள். டப்பாவை எறிந்துவிட வேண்டாம். பிள்ளையோடு சேர்த்து அதையும் வைத்தியரிடம் கொண்டு போங்கள்.